பூச்சுக் கம்பியும் மூன்றாம் தண்ணியும்

என் நெஞ்சுக்குள் இருக்கும் கம்பி வலையின் நீளம் பதினெட்டு மில்லிமீட்டர். முப்பத்திரண்டு வருடமாகத் தண்ணீர் மோட்டார்களுக்குக் காயில் என்கிற கம்பிச் சுருள் கட்டிப் பிழைக்கிறவன் நான். எத்தனையோ மைல் செம்புக் கம்பி இந்தக் கை வழியாகப் போயிருக்கிறது. அவ்வளவும் சேர்ந்து என்னைப் படுத்தாத பாட்டை இந்தப் பதினெட்டு மில்லிமீட்டர் படுத்திவிட்டது. குற்றம் கம்பியுடையது அல்ல, என்னுடையது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள் இப்போது ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். நான் செய்த காரியத்தைச் செய்யக்கூடிய வீடுகளும் எங்கள் பக்கம் நிறைய உண்டு.

என் கடை பரமத்தி வேலூரிலிருந்து நாமக்கல் போகும் சாலையில் இருக்கிறது. கோடை வந்தால் கிணற்றில் தண்ணீர் இறங்கும், மோட்டார் காற்றை இழுத்துச் சூடாகிக் கருகும், எனக்கு வேலை குவியும். போன கோடையிலும் அப்படித்தான். ஒரு நாள் போர்வெல் மோட்டார் ஒன்றைத் தூக்கி மேஜையில் வைத்தபோது இடது தாடையில் ஒரு வலி. பல் வலி என்று நினைத்துக் கிராம்பு வைத்துக் கடித்துக்கொண்டேன். அடுத்த வாரம் படியேறும்போதும் வலித்தது. உட்கார்ந்தால் போய்விட்டது. ஏறினால் நோவதும் உட்கார்ந்தால் சரியாவதுமாக எந்தப் பல்லும் வலிக்காது என்பது எனக்கு உறைக்கவில்லை. என் மனைவி ராசாமணிக்கு உறைத்தது. அவள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். நூறு பிள்ளைகளின் வயிற்று வலியில் எது நிஜம், எது பரீட்சை பயம் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அன்றைக்கே நாமக்கல்லுக்கு பஸ் ஏற்றிவிட்டாள். அங்கே ஈ.சி.ஜி. எடுத்த டாக்டர் காகிதத்தை இரண்டு தரம் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகாமல் நேராக சேலம் போங்கள் என்றார்.

சேலத்தில் நாங்கள் போனது ஒரு தனியார் மருத்துவமனை. இதயப் பிரிவுக்கு வெளியே வரிசையாக இரும்பு நாற்காலிகள். எதிரே ஒரு டி.வி. சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிற எல்லோரும் கதவைத்தான் பார்க்கிறோம். கதவு திறந்து யார் பெயரையாவது கூப்பிட்டால், நம் பெயராக இருக்கக் கூடாது என்றும் இருக்க வேண்டும் என்றும் சேர்ந்தே தோன்றுகிறது. எனக்குப் பயமாக இருந்தது. அதை மறைக்க, தலைக்கு மேல் சுற்றிய ஃபேனில் பேரிங் போய்விட்டது என்று ராசாமணியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் என் கைவிரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துச் சொடுக்கு எடுத்தாள்.

மறுநாள் ஆஞ்சியோ பார்த்தார்கள். மணிக்கட்டில் ஒரு சின்ன ஊசித் துளை போட்டு, அது வழியாக மெல்லிய குழாயை இதயம் வரை செலுத்தி, மருந்தைப் பாய்ச்சி ரத்தக் குழாய்களைப் படம் பிடிப்பதுதான் ஆஞ்சியோ. வலி பெரிதாக இல்லை. நினைவோடுதான் இருந்தேன். டி.வி. போன்ற திரையில் என் இதயம் அடித்துக்கொள்வதை நானே பார்த்தேன். முன்பக்கமாக இறங்கும் பெரிய குழாயில் ஓரிடத்தில் ரத்தம் நூல் போலப் போனது. தொண்ணூறு சதவீத அடைப்பு என்றார்கள்.

டாக்டருக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். பேச்சில் பொறுமை உண்டு. பழைய ஈ.சி.ஜி. காகிதத்தின் பின்பக்கத்தில் படம் போட்டு எனக்கும் ராசாமணிக்கும் விளக்கினார். அடைத்த இடத்தில் ஒரு பலூனை ஊதி வழி விட வேண்டும். விட்ட வழி மறுபடி சுருங்காமல் இருக்க, உள்ளே ஒரு கம்பி வலையை விரித்துவிட வேண்டும். அந்த வலைதான் ஸ்டென்ட். அதில் இரண்டு தினுசு உண்டு. ஒன்று வெறும் உலோகம். இன்னொன்று அதே உலோகத்தின் மேல் மருந்து பூசியது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் தொழிலிலும் வெறும் செம்புக் கம்பி வேறு, எனாமல் பூசிய கம்பி வேறு. பூச்சில்லாத கம்பியைக் கொண்டு காயில் கட்டினால் சுவிட்ச் போட்ட நிமிடமே புகைந்துவிடும். பூச்சுதான் உயிர். அதை டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். ஆனால் நான் நினைத்த மாதிரி இல்லை என்று மேலே விளக்கினார். வெறும் உலோகத்தை வைத்தால் உடம்பு அதை ஒரு புண்ணாக நினைத்து அதன் மேல் தோல் வளர்க்கும். ஒரு மாதம் போல ஆனால் கம்பி முழுக்க மூடிக்கொள்ளும். ஆனால் சிலருக்கு அந்தத் தோல் நிற்காமல் தடித்து வளர்ந்து, ஆறேழு மாதத்தில் வழியையே மறுபடி அடைத்துவிடும். பூசிய மருந்து அந்த வளர்ச்சியைத் தடுக்கும். அதனால் இப்போது பெரும்பாலும் மருந்து பூசியதைத்தான் வைக்கிறார்கள்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதைத்தான் நான் காதில் வாங்கியும் மனதில் வாங்காமல் விட்டேன். தோல் தடிப்பதைத் தடுக்கிற அதே மருந்து, கம்பியை மூட வேண்டிய மெல்லிய தோலையும் மெதுவாகத்தான் வளரவிடும். அதுவரை ரத்தம் போகிற வழியில் உலோகம் திறந்தே கிடக்கும். திறந்த உலோகத்தைக் கண்டால் ரத்தம் உறையப் பார்க்கும். அதனால் ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரைகள். வெறும் கம்பிக்கு அந்த இரண்டையும் சேர்த்து ஒரு மாதம் எடுத்தால் பெரும்பாலும் போதும், பிறகு ஒன்று மட்டும். பூச்சுக் கம்பிக்கு இரண்டையும் ஒரு வருடம், ஒரு நாளும் விடாமல்.

"ஐயா, மூணே மூணு கேள்விதான்," என்றார். "சீக்கிரத்துல வேற ஆபரேஷன் ஏதாவது இருக்கா? வயித்துப்புண் இருந்து ரத்தம் போனதுண்டா? ஒரு வருஷம் ஒரு நாள்கூட விடாம மாத்திரை போடுவீங்களா?"

முதல் இரண்டுக்கும் இல்லை என்றேன். மூன்றாவதற்கு, "எடுத்த வேலைய நானு பாதியில உட்டதே இல்லீங்க," என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். எந்த நெஞ்சு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

என் பக்கத்துக் கட்டிலில் வேலூர்ப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால்காரர் ஒருவர் இருந்தார். கந்தசாமி என்று பெயர், அறுபத்தெட்டு வயது. அவருக்குக் குடலில் ஒரு கட்டி. ஒன்றரை மாதத்துக்குள் அதை எடுத்தாக வேண்டும். கத்தி வைக்கும்போது ரத்தம் உறையாத மாத்திரை உள்ளே இருந்தால் ரத்தம் நிற்காது. நிறுத்தினால் ஸ்டென்ட் அடைக்கும். அதனால் அவருக்கு வெறும் கம்பிதான் வைத்தார்கள். இது டாக்டர்கள் ஆராய்ந்து எடுத்த முடிவு, யாருக்கும் குறைந்த சரக்கைத் தள்ளிவிடுகிற சங்கதி அல்ல. ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமிதம். எனக்குப் பூச்சுக் கம்பி, அவருக்கு வெறும் கம்பி. விலையிலும் என்னுடையது கூடுதல். அவருக்காக நான் பரிதாபப்பட்டேன். அவரோ கொடிக்காலுக்குத் தண்ணீர் கட்ட ஆளில்லையே என்று மட்டும்தான் கவலைப்பட்டார். எங்கள் இருவருக்கும் ராசாமணி ஒரே தூக்குப் போசியில் ரசம் சாதம் கொண்டுவந்தாள். இரவில் கட்டில் பக்கத்து மானிட்டர் விடாமல் கத்தும்போது கந்தசாமி மெதுவாகக் கூப்பிட்டு, முழிச்சிருக்கியா சாமி என்பார். ஆமாங்க என்பேன். அவ்வளவுதான் பேச்சு. இருவருக்கும் பயம் கொஞ்சம் தணியும்.

வீட்டுக்கு வந்த பிறகு என் மாத்திரைகள் ராசாமணியின் இலாகா ஆகிவிட்டன. கொழுப்புக்கு, பிரஷருக்கு என்று வேறு சிலவும் இருந்தன. ஆனால் அந்த இரண்டும்தான் முக்கியம் என்று அவளுக்குத் தெரியும். ஒன்று ரோஸ் நிறம், ஒன்று வெள்ளை. காலையில் இட்லித் தட்டோடு அட்டையைக் கொண்டுவந்து என் எதிரிலேயே டக், டக் என்று அழுத்தி உள்ளங்கையில் போடுவாள். நான் விழுங்கித் தண்ணீர் குடிக்கும் வரை நிற்பாள். பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போவாள். இப்படி எண்பத்தேழு நாள் நடந்தது.

எண்பத்தெட்டாம் நாள் ராசாமணிக்கு அம்மை போட்டது.

ஐம்பத்து மூன்று வயதில் அம்மை போட்டால் கடுமையாகத்தான் இருக்கும். பள்ளிக்கூடத்தில் நாலைந்து பிள்ளைகளுக்கு வந்திருந்தது. முதுகிலும் முகத்திலும் முத்து முத்தாக ஏறி, கண்ணிமையிலும் இரண்டு. காய்ச்சலில் உளறினாள். எங்கள் பக்கத்தில் வீட்டில் அம்மை இருந்தால் ஆத்தா வந்திருக்கிறாள் என்போம். வாசலில் வேப்பிலை செருகுவோம். அடுப்பில் தாளிக்க மாட்டோம். வெளியாள் உள்ளே வர மாட்டார்கள். பச்சை வேப்பிலையில் படுக்க வைத்து, இளநீரும் கூழும் கொடுத்து, முதல் தண்ணி, இரண்டாம் தண்ணி, மூன்றாம் தண்ணி என்று நாள் பார்த்து வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவோம். மூன்றாம் தண்ணி ஊற்றினால் ஆத்தா போய்விட்டாள் என்று அர்த்தம். அதுவரை அந்த வீட்டில் இங்கிலீஷ் மருந்து ஆகாது. படுத்திருப்பவருக்கு மட்டுமல்ல, வீட்டில் யாருக்கும்.

வெளியூரில் இருக்கும் என் அக்கா போனில் இதையெல்லாம் எனக்கு ஒருமுறை ஒப்பித்தாள். "ஊட்டுல ஒருத்தரு மருந்து தொட்டாலும் முத்து உள்ளுக்கு எறங்கீரும்டா. கண்ணுல வேற போட்டிருக்குங்கற. தம்பிய நெனச்சுக்கோ," என்றாள்.

தம்பியை நினைக்காமல் எப்படி இருப்பேன். எனக்கு ஏழு வயது இருக்கும்போது அவனுக்கு அம்மை போட்டது. காய்ச்சல் தாங்காமல் எங்கள் அப்பா கம்பவுண்டரிடம் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டார். தம்பிக்கு ஒரு கண் போய்விட்டது. அது அம்மையால் போனது, மாத்திரையால் அல்ல என்று இன்றைக்கு எந்த டாக்டரும் சொல்வார். ஆனால் அப்பா சாகிற வரைக்கும் வீட்டில் யாரும் அதை நம்பவில்லை. அப்பாவும் நம்பவில்லை. தம்பி சாப்பிட உட்காரும்போதெல்லாம் அவர் எழுந்து வெளியே போய்விடுவார்.

நான் கரண்ட்டோடு புழங்குகிறவன். எதற்கும் காரணம் கேட்கிறவன் என்று எனக்கு என்னைப் பற்றி ஒரு நினைப்பு உண்டு. ராசாமணியின் கண்ணிமையில் அந்த இரண்டு முத்தைப் பார்த்ததும் அந்த நினைப்பெல்லாம் போன இடம் தெரியவில்லை. அவளுக்கு ஏதாவது ஆனால் நானும் அப்பாவைப் போல எழுந்து வெளியே போக வேண்டியிருக்கும் என்று தோன்றியது. பத்துப் பன்னிரண்டு நாள்தானே, பூச்சுக் கம்பி தாங்கும் என்று முடிவு செய்தேன். பூச்சு நன்றாக இருந்தால் கம்பிக்குப் பராமரிப்பு குறைவு. என் தொழில் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. அங்கேதான் தப்பு நடந்தது. டாக்டர் சொன்னது நேர் தலைகீழ். பூச்சு இருப்பதால்தான் மாத்திரை கூடுதல் நாள் வேண்டும்.

ராசாமணிக்கு அந்தக் காய்ச்சலிலும் என் மாத்திரை நினைவு போகவில்லை. காலையில் உள் அறையிலிருந்து, "மாத்தர போட்டீங்களா?" என்று குரல் வரும். நான் கூடத்தில் நின்று அவளுக்குக் கேட்கும்படி டக், டக் என்று அட்டையை அழுத்துவேன். ஒரு டம்ளர் தண்ணீரைச் சத்தமாகக் குடிப்பேன். "ஆச்சு," என்பேன். மாத்திரைகளை பீரோ மேல் இருந்த ஒரு சில்வர் டப்பாவில் போட்டுவிடுவேன். தூர எறிய மனம் வரவில்லை. மூன்றாம் தண்ணி ஊற்றியதும் சேர்த்து எடுத்துக்கொண்டால் கணக்கு நேராகிவிடும் என்றுகூட நினைத்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

முப்பது வருடத்தில் அவளிடம் நான் சின்னப் பொய்கள் எத்தனையோ சொல்லியிருக்கிறேன். ஒரு பொய்யைச் சத்தம் எழுப்பிச் சொன்னது அந்த ஒன்பது நாள்தான்.

ஒன்பதாம் நாள் காலை. இரண்டு தண்ணி ஊற்றியாகிவிட்டது, காய்ச்சல் விட்டிருந்தது, கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. பதினோராம் நாள் மூன்றாம் தண்ணி. டப்பாவில் மாத்திரையைப் போட்டுவிட்டுப் பழைய வேப்பிலையை அள்ளிக்கொண்டு பின்பக்கம் போனேன். நடு நெஞ்சில் யாரோ முட்டி போட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது. தாடைக்கும் முதுகுக்கும் ஒரே நேரத்தில் வலி ஓடியது. சட்டை நனைந்தது. வேப்பிலையின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மை இருக்கிறவள் வாசப்படி தாண்டக் கூடாது. ராசாமணி தாண்டித் தெருவில் நின்று பக்கத்து வீட்டுக்காரரைக் கத்திக் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. அவர் காரில் என்னை ஏற்றினார்கள். அவளை ஏற்ற முடியாது. கார் திரும்பும்போது அவள் வீதியில் தலைவிரிகோலமாக நின்றாள். இனி பார்க்க மாட்டேன் என்று நிச்சயமாக நினைத்தேன்.

அதே மருத்துவமனை, அதே மேஜை, அதே திரை. மூன்று மாதம் முன்பு திறந்துவிட்ட வழி, ஸ்டென்ட் இருந்த இடத்தில், முழுக்க அடைத்து நின்றது. அது பழைய கொழுப்பு அடைப்பு அல்ல, கம்பியின் மேல் உறைந்த ரத்தக் கட்டி. டாக்டர் முகமூடிக்கு மேல் கண்ணை உயர்த்திக் கேட்டார்.

"மாத்திரையை நிறுத்தினீங்களா ஐயா?"

"இல்லீங்க," என்றேன்.

உயிர் போகிற நேரத்தில் ஒருவன் பொய் சொல்வானா என்று கேட்கலாம். சொல்வான். ஆமாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்றால் ராசாமணியின் அம்மை வரும். ஊரில் உறவில் அவளால்தான் ஆயிற்று என்று பேசுவார்கள். அவளே அப்படி நினைத்துக்கொள்வாள். இதெல்லாம் ஒரு காரணம். எடுத்த வேலையைப் பாதியில் விட்டதில்லை என்று இதே ஆளிடம் நெஞ்சை நிமிர்த்தினேனே, அது இன்னொரு காரணம். எது பெரிய காரணம் என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

ரத்தக் கட்டியை உறிஞ்சி எடுத்து, பலூன் ஊதி, வழியைத் திறந்துவிட்டார்கள். வலி குறைந்தது. இதயத்தின் ஒரு ஓரம் அடிபட்டுவிட்டது என்று மறுநாள் எக்கோவில் தெரிந்தது. எக்கோ என்பது வயிற்றுக்கு ஸ்கேன் எடுப்பது போல இதயத்துக்கு எடுப்பது. ஓசூரில் வேலை பார்க்கும் மகன் வந்து சேர்ந்திருந்தான். டாக்டர் கட்டில் ஓரமாக நின்று அவனிடமும் என்னிடமும் பேசினார். மாத்திரை ஒழுங்காகப் போட்டும் உறைந்திருக்கிறது என்றால், அந்த மாத்திரை என் உடம்பில் வேலை செய்யவில்லை என்று பொருள். இதைவிட வீரியமான மாத்திரைக்கு நிரந்தரமாக மாற்ற வேண்டும். அதில் ரத்தப்போக்கு ஆபத்து கூடுதல். ஸ்டென்ட்டையே நம்ப முடியாது என்றால் பைபாஸ் பற்றி யோசிக்க வேண்டும். அதாவது நெஞ்சைப் பிளந்து, காலில் இருந்து ஒரு குழாயை எடுத்து வைத்து மாற்றுப் பாதை போடுவது.

"அதனால நல்லா யோசிச்சுச் சொல்லுங்க," என்றார். "ஒரு நாள்கூட விடலையா?"

மகன் என் முகத்தைப் பார்த்தான். நான் போர்வையின் ஓரத்தைப் பார்த்தேன். ஒரு மோட்டார் கருகி வந்தால், வோல்டேஜ் குறைவாக இருந்ததா, தண்ணீர் இல்லாமல் ஓடியதா என்று நான் விவசாயியைத் துருவித் துருவிக் கேட்பேன். அவர் மறைத்தால் எனக்குக் கோபம் வரும். காரணம் தெரியாமல் காயில் கட்டினால் மறுவாரமே திரும்பி வரும் என்று கத்துவேன். அவ்வளவும் ஞாபகத்துக்கு வந்தது. வாய்தான் திறக்கவில்லை.

அன்று மதியம் டாக்டர் மறுபடி என்னைப் பார்க்க வந்திருந்தபோது ஒரு நர்ஸ் கையில் ஒரு பொட்டலத்தோடு வந்தார். கீழே வாசலில் ஒரு அம்மா நிற்கிறார்கள், அம்மைப் புண் காயவில்லை என்பதால் மேலே விடவில்லை, இதை டாக்டரிடம் கொடுக்கச் சொன்னார்கள் என்றார். டாக்டர் பிரித்தார். வேப்பிலையில் சுற்றிய காகிதம், காகிதத்துக்குள் மாத்திரைகள். நர்ஸ் ஒரு தட்டில் கொட்டிப் பிரித்து வைத்தார். மற்றவற்றை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் ரோஸ் நிறத்தில் ஒன்பது, வெள்ளையில் ஒன்பது.

காப்பீட்டு அட்டையைத் தேடி பீரோ மேல் துழாவியபோது அந்த சில்வர் டப்பா ராசாமணியின் கையில் பட்டிருக்கிறது. போனில் சொன்னால் நான் மறுத்துவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். மூன்றாம் தண்ணி ஊற்றாத உடம்போடு, பஸ்ஸில் ஏறினால் நாலு பேருக்கு ஒட்டிக்கொள்ளுமே என்று, தெரிந்தவர் வேன் ஒன்றில் பின்னால் தனியாக உட்கார்ந்து, முக்காடு போட்டுக்கொண்டு சேலம் வரை வந்திருக்கிறாள்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தட்டை நர்ஸிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இந்தப் பொட்டலம் உங்க நெஞ்சைப் பிளக்காம காப்பாத்திருச்சு," என்றார். கம்பியில் கோளாறு இல்லை, மாத்திரையிலும் இல்லை, பைபாஸ் வேண்டாம். கொஞ்ச நாள் வீரியமானதைக் கொடுத்துப் பிறகு பழையதற்கே போகலாம் என்றார். வீட்டில் நோன்போ, அம்மையோ, திருவிழாவோ எது வந்தாலும் எனக்கு ஒரு போன் செய்துவிட்டு நிறுத்துங்கள், நான் வேண்டாம் என்பேன், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள் என்றார். மகனுக்கு அப்போதுதான் விஷயமே புரிந்தது. அவன் எழுந்து ஜன்னல் பக்கம் போனான். நானும் எட்டிப் பார்த்தேன். கீழே வண்டி நிறுத்துமிடத்து ஓரத்தில் வேனுக்குள் மஞ்சள் சேலை தெரிந்தது. நான் அழுதேன். டியூப் இருந்த கையால் துடைக்க முடியவில்லை, மகன் துடைத்துவிட்டான்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தேன். வாசலில் வேப்பிலை காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. ராசாமணியின் தலை சடை பிடித்திருந்தது. மூன்றாம் தண்ணி நாள் கடந்துபோயும் அவள் ஊற்றிக்கொள்ளவில்லை. நான் வீடு வந்து சேராமல் ஆத்தாவை அனுப்ப மனமில்லை என்றிருக்கிறாள். அவளை உட்கார வைத்து, பக்கத்தில் நானும் உட்கார்ந்து, அக்கா சொன்னதையும், தம்பியின் கண்ணையும், நான் பயந்ததையும் சொன்னேன். உனக்காகத்தான் நிறுத்தினேன் என்று முடித்தேன். அதில் கொஞ்சம் பெருமையும் ஒட்டிக்கொண்டிருந்தது என்று இப்போது தெரிகிறது.

அவள் எழுந்து போய்த் தன் தலையணைக்கு அடியில் இருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்துவந்து என் மடியில் வைத்தாள். அவளுடைய தைராய்டு மாத்திரை. பதினெட்டு வருடமாக வெறும் வயிற்றில் போடுவது. பாதி காலியாகியிருந்தது.

"நானு ஒரு நாளும் உடுல," என்றாள். "படுத்த மொத நாளே ஆத்தாகிட்டக் கேட்டுப்போட்டேன். எனக்கும் எங்கூட்டுக்காரருக்கும் மாத்தர மட்டும் உட்டுக்குடு தாயேன்னு. நீங்க அக்காளக் கேட்டீங்க. என்னய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

முத்து போட்டவள் அவள். வந்த ஆத்தா அவள் உடம்பில் இருந்தாள். கேட்க வேண்டிய இடம் பத்தடி தூரத்தில், கதவுக்கு அந்தப் பக்கம் முழித்துக்கொண்டு படுத்திருந்தது. நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று அட்டையை அழுத்திச் சத்தம் காட்டிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் கந்தசாமி போன் செய்தார். கட்டியை எடுத்து நல்லபடியாக ஆகிவிட்டது. ஆனால் இரண்டு வாரமாகக் கொடிக்கால் வரப்பில் நடந்தால் மூச்சு வாங்குகிறதாம். பார்த்ததில் வெறும் கம்பிக்குள் தோல் தடித்து வழி சுருங்கியிருக்கிறதாம். மறுபடி பலூன் ஊதி, இந்தத் தடவை பூச்சுக் கம்பி வைக்கப் போகிறார்கள். வருடம் முழுக்க மாத்திரை என்கிறார்களே, அப்படி என்ன கஷ்டம் சாமி அதில் என்று என்னைக் கேட்டார். கஷ்டம் ஒன்றுமில்லீங்க, வீட்டில் எது நடந்தாலும் வீட்டுக்காரம்மாவிடம் மறைக்காமல் இருங்கள், அது போதும் என்றேன். அவருக்குப் புரிந்திருக்காது. நேரில் வரும்போது முழுக்கச் சொல்ல வேண்டும்.

நான் மருத்துவமனையிலிருந்து வந்த மறுநாள் காலை ராசாமணிக்கு மூன்றாம் தண்ணி ஊற்றினோம். முற்றத்து வெயிலில் காய்ந்த அண்டாத் தண்ணீரை நான்தான் மொண்டு கொடுத்தேன். ஈரத் தலையோடு நேராக அடுப்படிக்குப் போனாள். எண்ணெயில் கடுகு வெடித்தது. பதினைந்து நாளுக்குப் பிறகு வீட்டில் தாளிப்பு வாசம். இட்லித் தட்டோடு வந்து, அட்டையை எடுத்து டக், டக் என்று என் உள்ளங்கையில் போட்டாள். விழுங்கித் தண்ணீர் குடித்தேன். அவள் போகவில்லை. சத்துணவுக் கூடத்தில் பூச்சி மாத்திரை கொடுத்த பிள்ளைகளிடம் சொல்வதை என்னிடமும் சொன்னாள்.

"வாயத் தொறங்க. நாக்க நீட்டுங்க."

நீட்டினேன். அன்றிலிருந்து தினமும் நீட்டுகிறேன். வருடம் முடிய இன்னும் நூற்று முப்பத்தாறு நாள் இருக்கிறது.